சக்கரத்தை விட்டு அளந்த பெட்டி

கடைக்காரர் பெட்டியைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போதே பெரியப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதன்மேல் ஏறி நின்றார். ஒரு பொருள் தாங்கும் என்று யார் சொன்னாலும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். நம்புவது மிதித்துப் பார்த்த பிறகுதான்.

"இறங்குங்க பெரியப்பா. ட்ரோன் வைக்கப் பெட்டி கேட்டோம், மேடை கேக்கல" என்றாள் தம்பி மகள்.

"நீ சொல்ற மாதிரி முதுகுப்பையில ட்ரோனை வச்சு, அதுமேல நான் ஏறி நின்னா என்ன ஆகும்?"

"உங்களை யாரு ஏறச் சொன்னா?"

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பெரியப்பா சிரிக்கவில்லை. போன தடவை நடந்தது அவருக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

அவர்களுடையது நிலம் அளக்கும் குடும்பம். அவர்கள் அளந்த இடத்தை இன்னொருவரைக் கூப்பிட்டு அளந்து பார்க்கும் வழக்கம் யாருக்கும் கிடையாது. இப்போது தரையில் அளப்பது பெரியப்பா, மேலே ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுப்பது தம்பி மகள். போன தடவை, தூரத்து அணை ஒன்றின் சுவரில் விரிசல் பார்க்க விமானம் ஏறிப் போனார்கள். ட்ரோனைத் துணிகளுக்கு நடுவே சுற்றி, சூட்கேசில் போட்டு, சாமான் அறைக்கு அனுப்பியிருந்தார்கள். போய்த் திறந்தால் கேமராவின் தலை கழுத்து ஒடிந்த கோழிபோலத் தொங்கியது. அணைப் பொறியாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு பொம்மையைப் பத்திரமா கொண்டுவரத் தெரியல, நீங்க என் சுவரைப் பத்தி சொல்லப் போறீங்களா?" என்றார். அத்தனை பேர் நடுவில். அதே பொறியாளர் இன்னொரு தடவை வரச் சொல்லியிருக்கிறார். இந்த முறையும் தலை தொங்கினால் வேலை மட்டுமல்ல, பேரும் போகும்.

"சரி, எனக்கு ஒண்ணு புரியல" என்று பெரியப்பா பெட்டியிலிருந்து இறங்கினார். "பேட்டரியை மட்டும் எதுக்குக் கையில எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க? அதுவும் சாமான்தானே?"

"தீப்பிடிச்சா மேல ஆள் இருக்கு, உடனே அணைப்பாங்க. கீழ சாமான் அறையில யார் இருக்கா?"

பெரியப்பா, யாருமில்லாத இருட்டறையில் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து பறப்பதை நினைத்துப் பார்த்தார். "அப்போ ட்ரோனும் நம்மகூட மேலயே வரட்டும்" என்றார்.

"அதுக்குத்தான் முதுகுப்பை சொன்னேன்."

"முதுகுப்பையோட போய் நின்னா அந்தப் பொறியாளர் மலையேற வந்தவங்கன்னு நினைப்பார். இந்தப் பெட்டியே மேல வர்ற அளவா இருந்தா?"

கெட்டியான கறுப்புப் பெட்டி அது. உள்ளே ட்ரோனின் வடிவத்துக்கே வெட்டிய ஸ்பாஞ்சு, அடியில் சக்கரம். பெரியப்பா சட்டைப் பையிலிருந்து டேப்பை உருவினார். நீளம், அகலம், உயரம். ஒரு முறை அவர், ஒரு முறை அவள். இரண்டும் ஒத்துப்போயின. விமானக் கம்பெனி சொன்ன அளவைவிட விரற்கடை குறைவு.

அந்த வீட்டில் எல்லைக் கல்லைச் சேர்த்து அளக்கும் பழக்கம் இல்லை. கல்லின் உட்புறத்தில் தொடங்கி அடுத்த கல்லின் உட்புறத்தில் முடிக்க வேண்டும். கல் யாருக்கும் சொந்தமில்லை, அதனால் கணக்கில் வராது. கை அப்படியே பழகிவிட்டது. பெட்டியையும் அதன் கெட்டி ஓட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மட்டுமே அளந்தார்கள். வெளியே துருத்திய சக்கரம் இருவர் கண்ணுக்கும் கல்லாகவே தெரிந்தது.

விமான நிலையத்தில், கவுண்டர் அருகே, கையில் கொண்டுபோகும் பெட்டிகளின் அளவு பார்க்கும் இரும்புச் சட்டம் ஒன்று நின்றது. பெட்டியை அதற்குள் இறக்கச் சொன்னாள் கவுண்டர் பெண். இறங்கியது, பிறகு சக்கரம் மேல்விளிம்பில் தட்டி நின்றது.

"அமுக்குங்க பெரியவரே, போயிடும்" என்றது வரிசையில் ஒரு குரல்.

பெரியப்பா அமுக்கவில்லை. டேப்பை எடுத்து இரும்புச் சட்டத்தையே அளந்தார், உள்ளும் வெளியும். வரிசை பொறுமினாலும் நிதானமாக அளந்தார். பிறகு பெட்டியைச் சக்கரத்தோடு அளந்தார். முகம் சுண்டிப்போனது.

"உங்க சட்டம் சரியா இருக்கும்மா" என்றார்.

கவுண்டர் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வழக்கமா சட்டம்தான் தப்புன்னு என்கிட்ட சண்டைக்கு வருவாங்க. கொஞ்சம்தானே அதிகம்? இந்த ஒரு தடவை எடுத்துட்டுப் போங்க."

தம்பி மகள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துவிட்டாள். பெரியப்பா அதன்மேல் கை வைத்தார்.

"வேண்டாம். எத்தனையோ பேர் என்கிட்ட வந்து 'இந்த ஒரு தடவை'ன்னு நின்னிருக்காங்க. ஒருத்தருக்கும் நான் கல்லை நகர்த்திக் கொடுத்ததில்ல."

"பெரியப்பா, இது நிலம் இல்ல" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "கீழ போட்டா மறுபடி தலை தொங்கும். அங்க போய் உங்க நேர்மையையா பறக்க விடுறது?"

அவருக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதும் மானம்தான். அவர் சொன்னதும் மானம்தான். இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கவில்லை. குனிந்து பெட்டியைத் திறந்தார். ட்ரோன் ஸ்பாஞ்சுக் குழியில் தொட்டில் பிள்ளைபோலக் கிடந்தது. ஸ்பாஞ்சின் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தார். ஒட்டியிருக்கவில்லை, மொத்தமாக அசைந்தது.

"உன் முதுகுப்பையில என்ன இருக்கு?"

"என் துணி."

"எடு வெளிய."

"இங்கயா?"

பெரியப்பா எழுந்து, வரிசைக்கு முதுகைக் காட்டி, போட்டிருந்த கோட்டை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு சுவர்போல நின்றார். அவர் முகம் எதிர்ச் சுவரைப் பார்த்திருந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் முணுமுணுத்துக்கொண்டே துணிகளைப் பெட்டியில் திணித்தாள். ஸ்பாஞ்சு, ட்ரோனோடு, கொஞ்சம் மல்லுக்கட்டி முதுகுப்பைக்குள் போனது. பேட்டரிகள் முன்பே அவள் கைப்பையில் இருந்தன. முதுகுப்பை இரும்புச் சட்டத்துக்குள் உரசாமல் இறங்கியது.

இடியே விழுந்தாலும் தாங்கும் பெட்டி, ஒரு சீப்பையும் நாலு சட்டைகளையும் சுமந்துகொண்டு சாமான் அறைக்குப் போனது. விமானத்தில் முதுகுப்பை முன் இருக்கையின் அடியில் இருந்தது. காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெரியப்பா வழியெல்லாம் இருக்கையில் கோணலாக உட்கார்ந்து வந்தார்.

அணையில் பொறியாளர் கறுப்புப் பெட்டியைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார். தானே தூக்கி மேசைமேல் வைத்தார். "இந்தத் தடவை பலமாத்தான் வந்திருக்கீங்க. திறங்க பாப்போம்." அவருடைய ஆட்களும் கூடிவிட்டார்கள்.

"அதைத் திறக்க வேண்டாம். அதுல என் மகளோட துணி" என்றார் பெரியப்பா. "ட்ரோன் அந்தப் பையில."

தம்பி மகள் ட்ரோனை வெளியே எடுத்து, பேட்டரியைச் செருகி, பொத்தானை அழுத்தினாள். கேமராவின் தலை ஒரு முறை நடுங்கியது. நிமிர்ந்தது. இடமும் வலமும் பார்த்துவிட்டு நேராக நின்றது.

"துணிக்கு எதுக்குய்யா இவ்வளவு பெரிய காவல்?" என்றார் பொறியாளர்.

தம்பி மகள் ஏதோ சாக்குச் சொல்ல வாயெடுத்தாள். பெரியப்பா முந்திக்கொண்டார். "பெட்டியை நான்தான் அளந்தேன். சக்கரத்தைச் சேக்கல. தப்பா அளந்துட்டேன்."

பொறியாளர் சிரிக்கவில்லை. அவரை உற்றுப் பார்த்தார். பிறகு அணைச் சுவரைக் காட்டினார்.

"அங்க விரிசலோட ரெண்டு ஓரமும் உதிர்ந்து கிடக்கு. அகலத்தை எப்படி எடுப்பீங்க? உதிர்ந்ததைச் சேத்தா, விட்டா?"

"விட்டு" என்ற சொல் பெரியப்பாவின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"அந்த அளவை வச்சு நீங்க என்ன செய்யப் போறீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றார்.

பொறியாளர் ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். பின்னால் ட்ரோன் விர்ரென்று கிளம்பியது.