அத்தான் வீட்டில் இருக்கும் நேரம்

அத்தானுக்குத் தெரியாத விஷயம் உலகத்திலேயே கிடையாது. கேட்டால் அவரே சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். ஆபீசில் தான் நெட்வொர்க் அதிகாரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற அந்த மனுஷன் அங்கே பார்க்கிற வேலை, கெட்டுப்போன கீபோர்டைப் பிடுங்கிவிட்டு வேறொன்றை மாட்டுவதுதான். அக்கா புருஷன் ஆயிற்றே என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய உள்ளங்கையளவுக் கணினி அவர் வீட்டில்தான் இருந்தது, செருப்பு அலமாரியின் மேல்தட்டில், வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில். அதிலிருந்து ஒரு ஒயர் குளியலறைக் குழாய்வரை போகும். தண்ணீர் ஓடும் சத்தத்தை வைத்தே குழாய் எங்கே கசிகிறது என்று அது சொல்லிவிடும். ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் செய்தது. வேறு ஊரில் விடுதி அறையில் உட்கார்ந்து, இணையம் வழியாக அதற்குள் நுழைந்து வேலை பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, குடிநீர்க் குழாய்களைப் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் நேர்முகத் தேர்வு. அவர்கள் கண்முன்னால் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் விடுதியைக் காலி செய்துவிட்டு அத்தான் வீட்டில் போய்க் கிடக்க வேண்டியதுதான். சாப்பிடும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து புத்தி சொல்வார். சே!

இந்த நேரம் பார்த்து இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. நாலு வரி தட்டுவதற்குள் திரை உறைந்து நிற்கும். அவ்வளவுதான், வெளியே தள்ளிவிடும்.

"அந்தப் பொம்மை இன்னுமா படுத்துது?" என்றார் அத்தான் போனில். "சூடாகுதும்மா. ஃபேனைத் திருப்பி வச்சிருக்கேன்."

மறுநாள் கரண்ட் போதவில்லை என்றார். அதற்கு மறுநாள் அவள் எழுதிய நிரலே குப்பை என்றார். நிரலைக் கண்ணால்கூடப் பார்க்காத ஆள்! அக்காவை விட்டு சார்ஜரை மாற்றினாள். சும்மா இருக்கும் இணைப்பு தூங்கிவிடாமல் நிமிஷத்துக்கு ஒருமுறை தட்டியெழுப்பவும் ஏற்பாடு செய்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், அறுந்த நேரத்தையெல்லாம் எழுதி வியாழக்கிழமை சாயங்காலம் அக்காவுக்கு வாசித்துக் காட்டினாள். காலை எட்டரைவரை அறுகிறது. பகலெல்லாம் நன்றாக ஓடுகிறது. ஆறே முக்காலுக்கு மறுபடி அறுகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் உயிரில்லை.

"ஏய், இது அவர் வீட்டுல இருக்கற நேரம்டி" என்றாள் அக்கா.

"அவர் போனை எடுத்துப் பாருக்கா. வைஃபை முகவரியோட கடைசி எண் என்ன?"

"இருபத்துநாலு."

அவளுடைய கணினிக்கு அவள் கொடுத்திருந்ததும் இருபத்துநாலுதான். தானாக வந்த எண் பிடிக்காமல், ராசியான எண் என்று மனுஷன் அதையே தன் போனுக்குக் கையால் எழுதி வைத்திருக்கிறார்! ஒரே கதவு எண்ணை இரண்டு வீட்டுக்கு எழுதினால் தபால்காரர் எங்கே போவார்? தன்னுடையதை மாற்றலாம் என்றால், வெளியூரிலிருந்து அவள் நுழைவதை இருபத்துநாலுக்கு அனுப்பிவைக்கும் வைஃபை பெட்டியிலும் மாற்ற வேண்டும். அதன் கடவுச்சொல்லை அவர் பெண்டாட்டிக்குக்கூடச் சொன்னதில்லை.

"போன்ல எண்ணை மாத்திடுங்க அத்தான்" என்று கெஞ்சினாள்.

"எனக்கே பாடமா? கூட்டினா ஆறு வருது. அதுக்கப்புறம்தான் எனக்கு எல்லாமே நல்லா நடக்குது. வேணும்னா உன் பொம்மையைத் தூக்கிப் போடு."

போகட்டும், நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசில் இருப்பார் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நேர்முக அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய திரையில் குழாயின் சத்தம் கோடாக ஓடியது. "அடுத்து கசிவைக் காட்டுறேன்" என்றாள். கோடு அப்படியே நின்றது. நடுவில் இருந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் மேடம், காரணம் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் எதிரிலேயே போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவைக் கூப்பிட்டாள். "அத்தான் வீட்டுலயா இருக்கார்?"

"உனக்காக லீவு போட்டிருக்கார்டி. இப்பதான் குளிச்சிட்டு வந்து போனை ஆன் பண்ணினார். உன் பெட்டி பக்கத்துலயே சேரைப் போட்டு உக்காந்திருக்கார்."

பின்னாலிருந்து அத்தானின் குரல் கேட்டது. "பயப்படாதம்மா! நான் இங்கயேதான் இருக்கேன்!"

"போன்ல வைஃபையை அணைங்க அத்தான்!"

"இந்தப் போனை வச்சுத்தானே கண்காணிக்கிறேன்!"

"ஏங்க," என்றாள் அக்கா. அப்படி ஒரு குரலை அவள் அக்காவிடம் கேட்டதே இல்லை. "போனை எடுத்துக்கிட்டு வெளிய போங்க. தெருமுனை தாண்டி நில்லுங்க. பதினோரு வருஷமா பாக்கறேன். நீங்க இல்லாதப்பதான் இந்த வீட்டுல எல்லாம் ஒழுங்கா ஓடுது."

நாற்காலி நகர்ந்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிஷம் கழித்து அவள் மறுபடி தன் கணினிக்குள் நுழைந்தாள். கோடு ஓடியது. கசிவு இருந்த இடம் சிவப்பாக வந்தது.

"எப்பம்மா சேர முடியும்?" என்றார் நடுவில் இருந்த அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"வந்துடுச்சாடி?" என்று ஸ்பீக்கரில் அக்கா கேட்டாள்.

"வந்துடுச்சுக்கா. அத்தானை உள்ள கூப்பிட்டுக்கோ."

"கூப்பிடலாம்," என்றாள் அக்கா. "என்ன அவசரம்?"