கலந்தரின் மடி

இந்த நாட்டில் பஸ் பிந்துவதற்கும், பிள்ளைகள் பெயிலாவதற்கும், மழை பொய்ப்பதற்கும் ஒரே காரணம், நிற்பவர்களின் பைகளை உட்கார்ந்திருப்பவர்கள் மடியில் வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கமே என்று கலந்தர் கண்டுபிடித்திருந்தான். கல்லூரித் தமிழ் மன்றத்தில் இதை முக்கால் மணி நேரம், ஒரு தடவைகூடச் சிரிக்காமல் பேசி நிறுவியும் இருந்தான். காணிக்குத்தான் உச்சவரம்பு வந்துவிட்டது, மடியாவது அவரவருக்கே இருக்கட்டும் என்று அவன் முடித்தபோது அதிபரே கை தட்டினார்.

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வந்த பஸ்ஸிலும் அவன் கொள்கையோடுதான் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஜன்னலோரமாகக் கூட்டாளி மஹ்ரூப். அவன் மடியில் அவனுடைய மாமா அளந்து கொடுத்தனுப்பிய இரண்டு கொத்து அரிசி. அதன்மேல் யார் யாருடையதோ குடை, சட்டி, பாதிப் பலாப்பழம். கலந்தருக்கும் மாமா அரிசி நீட்டினார்தான். "மூட்டை தூக்கவா நான் படிக்கிறேன்?" என்று மறுத்துவிட்டான்.

நாவுலையில் ஏறினாள் சவரியம்மா. இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக்காரி. கையில் இரண்டு சீலைப் பைகள்.

"தம்பி, இதுல ஒன்னக் கொஞ்சம் வச்சுக்கிறீங்களா? கம்பியப் புடிக்க முடியல."

"இது மடிங்கம்மா. சாமான் அடுக்குற கிட்டங்கி இல்ல."

மஹ்ரூப் முழங்கையால் இடித்தான். "நீயெல்லாம் மனுசனாடா?"

"கொள்கைக்காரன்."

நாலந்தை நெருங்கும்போது கொண்டக்டர் உள்ளே திரும்பிக் கத்தினார். "முன்னுக்குப் பொலிஸ் நிக்குது! அரிசி ஆளுக்கு ரெண்டு கொத்துதான் கொண்டுபோகலாம். கூட இருந்தா அம்புட்டையும் எடுத்துக்கிட்டு வழக்கும் போடுவாங்க."

ஆளாளுக்கு மடிப் பையைத் தடவிப் பார்த்தார்கள்.

"ரெண்டு பையிலயும் அரிசிதான்," என்றாள் சவரியம்மா, யாரிடமும் இல்லாமல். "ரெண்டு ரெண்டு கொத்து. மக புள்ள பெத்துப் பதினோரு நாளாச்சு. வெறும் மாவையும் மரவள்ளியையும் தின்னு பால் ஊறல. புள்ள கத்தக்கூடத் தெம்பில்லாமக் கெடக்கு."

மஹ்ரூப் சுற்றிப் பார்த்தான். அவனிடம் அவனுடைய இரண்டு கொத்து. தம்புள்ளையிலிருந்து வந்த ஒவ்வொருவர் மடியிலும் அவரவர் அரிசி. காலியாக இருந்தது ஒரே ஒரு மடி.

பொலிஸ்காரர் முன்வாசலால் ஏறினார். முதல் சீட்டு மனிதரிடம் மூன்று கொத்து. பை ஜன்னலால் வெளியே போனது. மனிதர் வாசலால் போனார். அடுத்த சீட்டு. அதற்கடுத்த சீட்டு.

கலந்தர் ஜன்னலுக்கு வெளியே கொள்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மறுபடி கேட்டால் சொல்ல மூன்று பதில்கள் தயாராக இருந்தன. அவள் கேட்கவில்லை. பை மட்டும் அவன் தோளில் உரசிக்கொண்டிருந்தது.

இரண்டு சீட்டு தள்ளிப் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"குடுங்க," என்றான், திரும்பாமலே.

பை மடியில் விழவும் பொலிஸ்காரர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. "யாருடையது?" என்றார் சிங்களத்தில்.

"என்னுடையது."

"என்ன அரிசி?"

கலந்தர் பிறந்ததிலிருந்து சோற்றுப் பானை மூடியைத் தூக்கிப் பார்த்தவனில்லை. சவரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"உம்மா ஆக்குவா, நான் தின்பேன்," என்றான் சிங்களத்திலேயே. "அதற்கு மேல் எனக்குத் தெரியாது, சேர்."

பொலிஸ்காரர் அவன் முகத்தையே பார்த்தார். முக்கால் மணி நேரம் தமிழ் மன்றம் முழுக்கத் தேடியும் சிரிப்பு அகப்படாத முகம். பையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கொத்துதான். மடியிலேயே போட்டுவிட்டு நகர்ந்தார்.

பஸ் புறப்பட்டுத் திருப்பம் தாண்டியதும் சவரியம்மா பையை வாங்கக் கையை நீட்டினாள்.

"மாத்தளையில எறங்கி வாங்கிக்கங்க," என்றான் கலந்தர். "கம்பியப் புடிங்க, விழுந்துறப் போறீங்க."

மஹ்ரூப் ஏதோ சொல்ல வந்தான்.

"நீ பேசாத."

பலாபத்வலையில் ஒருவர் வாழைக்குலையோடு ஏறினார். கலந்தர் ஜன்னலைப் பார்த்தபடியே அரிசிப் பையை ஒரு பக்கமாக நகர்த்தி, குலைக்கு இடம் பண்ணினான்.