பாக்கோ எந்தப் பக்கம் பார்ப்பான்?

இரும்புக் கேட்டை யாரோ பிடித்து உலுக்கிய சத்தத்தில் பாக்கோ கையிலிருந்த கரண்டியை வீசியெறிந்துவிட்டு அலற ஆரம்பித்தான். மணி ஏழு. மலோமே ஒன்பது மணிக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"திறங்க! பயணம் போற வீடா இது? கோழிகூட எந்திரிச்சாச்சு!"

மலோமே என் கணவன் ஒடிரிலேயின் தாய்மாமன். மொச்சுடியிலிருந்து முதல் வேனைப் பிடித்து வந்திருந்தார். சாம்பல் நிறக் கோட்டு, தொப்பி, ஒரு கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பையில் மக்வின்யா, பொரித்த மாவுருண்டை. ஒடிரிலேயின் தம்பிக்குப் பெண் கேட்க அன்று மாலைக்குள் நாங்கள் செரோவே போய்ச் சேர வேண்டும். மறுநாள் விடியலில் பெண் வீட்டார் முன்னால் உட்கார்ந்து பேசப்போவது அவர்தான். அவர் வாய் திறக்காமல் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணமும் நடக்காது. திறந்த வாய் பிறகு மூடாது என்பது வேறு விஷயம்.

"மாபாக்கோ, டீ போடு," என்றார். பாக்கோவின் அம்மா. பிள்ளை பிறந்த நாளிலிருந்து எனக்கு அதுதான் பெயர். கெனெயில்வே என்று ஒருத்தி இருந்தாள் என்பதே எல்லாருக்கும் மறந்துவிட்டது.

டீ குடித்தார்கள், பைகளை ஏற்றினார்கள். கடைசியில் பிள்ளையைக் காரில் உட்காரவைக்கப் போனபோதுதான் வந்தது வினை.

வார்ப்பட்டையைப் பூட்ட முடியவில்லை. முழு நீளத்துக்கு இழுத்தும் கொக்கிக்கு எட்டவில்லை. பதினோரு மாதப் பிள்ளை. பிறந்தபோது வாங்கிய சின்ன சீட். தலை உச்சி சீட்டின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் மேலே நின்றது. மூன்று வாரமாக நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாக ஒடிரிலே "அடுத்த சனிக்கிழமை" என்று சொல்லிக்கொண்டிருந்தான். இதோ, அந்த அடுத்த சனிக்கிழமை.

"கொஞ்சம் அமுக்கிப் பாரேன்," என்றான்.

"பிள்ளைடா அது. சூட்கேஸ் இல்ல."

"மடியில வெச்சுக்கோயேன் மாபாக்கோ," என்றார் மலோமே. "நாங்கல்லாம் கழுதை வண்டியில அம்மா மடியிலதான் வளந்தோம்."

"கழுதை வண்டி நூத்திருபதுல போகாது மலோமே."

ஒடிரிலே இருமினான். நான் அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். பெரியவர்களின் கழுத்தெலும்பு எப்படி இருக்கும், ஒரு வயதுப் பிள்ளையின் கழுத்தெலும்பு எப்படி இருக்கும் என்று தினமும் பார்க்கிறேன். பிள்ளையின் கழுத்தில் பாதி இன்னும் எலும்பே ஆகியிருக்காது. அதன்மேல் அவ்வளவு பெரிய தலை. பிரேக் போட்டால் அந்தத் தலை முன்னால் பறக்கும். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் முதுகும் தலையும் சேர்ந்து சீட்டில் அமுங்கும், கழுத்து தப்பும். முந்நூறு கிலோமீட்டர் ரோடு. வழியெல்லாம் மாடும் கழுதையும் நினைத்தபோது குறுக்கே வரும்.

"புது சீட் வாங்காம நான் ஏற மாட்டேன்," என்றேன். "பின்பக்கம் பாக்குற பெரிய சீட். நாலு வயசு வரைக்கும் வரும்."

"போற வழியில மால்ல வாங்கிடலாம். பத்து நிமிஷ வேலை," என்றான் ஒடிரிலே.

கடையை ஒன்பதரைக்குத்தான் திறந்தார்கள். பத்தே காலுக்கு நாங்கள் இன்னும் அங்கேதான் இருந்தோம்.

கடைப் பெண்ணின் பெயர் ஒஃபென்ட்சே என்று சட்டையில் குத்தியிருந்தது. கெட்டிக்காரி. எடை கேட்டாள், உயரம் கேட்டாள், என்ன கார் என்று கேட்டாள். நான் சொன்னேன்: கப்பலில் வந்த பழைய ஜப்பான் கார், கதவு நாலு, இடம் ஒன்றுமில்லை, சாவி திருகினால் யாருக்கும் புரியாத பாஷையில் பேசும். அவள் சிரித்துக்கொண்டே மூன்று சீட்டுகளை இறக்கினாள்.

மலோமே இருபத்தெட்டு வருஷம் கால்நடைத் துறையின் நோய்த்தடுப்புக் கேட்டில் நின்று, போகிற வருகிற கார்களில் இறைச்சி இருக்கிறதா என்று தேடியவர். அந்தப் பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு சீட்டையும் கவிழ்த்தார், துணியை விலக்கினார், அடியில் கைவிட்டுத் துழாவினார்.

"என்ன தேடுறீங்க மலோமே?"

"ஏதோ ஒளிச்சு வெச்சிருக்காங்க. இல்லாட்டி ஒரு நாற்காலிக்கு மூவாயிரம் பூலா எப்படி ஆகும்? இந்தக் காசுக்கு கன்னுக்குட்டியே வாங்கலாமே."

"கன்னுக்குட்டியை கார்ல கட்ட முடியாதே ஐயா," என்றாள் ஒஃபென்ட்சே.

"ஏன் முடியாது? நான் கேட்ல நின்னப்ப ஒருத்தன் பின் சீட்ல கன்னுக்குட்டிய உக்காரவெச்சு, தொப்பி போட்டு, அத்தைனு சொன்னான்."

கடைப் பெண் சிரித்த சிரிப்பில் இன்னும் பத்து நிமிடம் போயிற்று.

நான் பெரிய சீட்டைக் காட்டினேன். "இதைக் கார்ல வெச்சுப் பாத்துடலாம்."

வாகன நிறுத்தத்தில் வெயில் ஏறிவிட்டது. ஒஃபென்ட்சே சீட்டைத் தூக்கி வந்து, முன் பயணி இருக்கைக்குப் பின்னால் பொருத்தினாள். அது சாய்ந்து நின்றது, அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காக முன் இருக்கையை முன்னுக்குத் தள்ளவேண்டியிருந்தது. தள்ளினாள். இன்னும் தள்ளினாள்.

"ஏறிப் பாருங்க ஐயா."

மலோமே ஆறடி இரண்டங்குலம். ஏறினார். மடித்து வைத்த கட்டில்போல இருந்தார். முழங்கால் இரண்டும் டேஷ்போர்டில் இடித்து, தாடைக்குக் கீழே வந்து நின்றன.

"இப்படியே செரோவே போனா," என்றார் உள்ளேயிருந்து, "நாளைக்கு என்னை இப்படியே தூக்கிட்டுப் போய் பொண்ணு வீட்டுல வெக்கணும்."

வாகனக் காவலாளி ஒருவர் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். "பெரியவருக்கு அந்த நாற்காலியைக் குடுத்துட்டு, புள்ளைய முன்னாடி உக்காரவையுங்க," என்றார்.

"முன்னாடி ஏர்பேக் இருக்கு. அது வெடிச்சா பிள்ளை தாங்காது," என்றேன். அவர் நகரவில்லை. கூட இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள்.

நடுவில் வைத்துப் பார்த்தோம். நடுவில் இடுப்புப் பட்டை மட்டும்தான், சீட் தள்ளாடியது. சாத்தியமில்லை.

எனக்குச் சட்டென்று வழி தெரிந்தது. நான் ஐந்தடி. "மலோமே, ஒண்ணும் பிரச்சினையே இல்ல. நான் முன்னாடி உக்காந்துக்கறேன், எனக்கு இடமே வேண்டாம். என் பின்னாடி பாக்கோ. நீங்க அந்தப் பக்கம் தாராளமா காலை நீட்டிக்கிட்டு வாங்க."

"பின்னாடியா?"

"பின்னாடிதான்."

"மாட்டேன்."

"ஏன் மலோமே?"

"முன் சீட் என்னுது. பொண்ணு கேக்கப் போற மாமன் பின்னாடி உக்காந்து போனதா எங்கயும் கேட்டதில்ல."

காவலாளி தலையாட்டினார். கூட இருந்தவர்களும் ஆட்டினார்கள். நான் ஒடிரிலேயைப் பார்த்தேன். அவன் வானத்தைப் பார்த்தான்.

"அப்ப ஒண்ணு செய்யலாம்," என்றான் கடைசியில், எல்லாரையும் சமாதானப்படுத்தும் குரலில். அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "முன்பக்கம் பாக்குற சீட் ஒண்ணு இருந்துச்சே. அதுக்கு அவ்வளவு இடம் வேண்டாம். மலோமேக்கும் வசதி, பிள்ளைக்கும் சீட் ஆச்சு."

"அதான் சரி," என்றார் மலோமே. "யோசிச்சுப் பாரு மாபாக்கோ. பொண்ணு கேட்டுப் போறோம். வீட்டு வாசல்ல கார் நிக்குது. புள்ள முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தா என்ன நினைப்பாங்க? உங்க பொண்ணு வேண்டாம், நாங்க திரும்பிப் போறோம்னு சொல்ற மாதிரி இருக்காதா?"

"இஜா! அது நெசந்தான்," என்றார் காவலாளி.

"வாசல்ல நான் தூக்கித் திருப்பிக்கறேன் மலோமே."

"அதுக்குள்ள ஜன்னல் வழியா பாத்துடுவாங்க."

ஒடிரிலே பணப்பையை எடுத்துக்கொண்டு கடைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டான். பாக்கோ என் இடுப்பில் அழுதான். மக்வின்யாவின் ஒரு துண்டு அவன் கையில் நசுங்கி என் சட்டையெல்லாம் எண்ணெய். நான் ஓடிப்போய் ஒடிரிலேயின் முழங்கையைப் பிடித்தேன்.

"ஒடி, நீ அதை வாங்கினா நான் வரல. பிள்ளையும் வராது. நீயும் மலோமேயும் போங்க. யாராவது கேட்டா, பிள்ளையோட கழுத்தைவிட மாமாவோட முழங்கால் முக்கியம்னு சொல்லுங்க."

"கெனெ, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். போன மாசம் ஒரு குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்தேன். நம்ம பாக்கோ வயசுதான். முன்பக்கம் பாத்துதான் உக்காந்திருந்தது. அந்தப் படத்தை உனக்குக் காட்டவா? இன்னிக்கு நான் விட்டுக் குடுக்கமாட்டேன் ஒடி. எத்தனை மணி ஆனாலும் சரி."

அவன் நின்றுவிட்டான். திரும்பி காருக்கு வந்தோம். பதினொன்று ஆகப் போகிறது.

ஒஃபென்ட்சேதான் முதலில் பேசினாள். "ஓட்டுறவர் சீட்டுக்குப் பின்னாடி வெச்சுப் பாத்தமா?"

வைத்துப் பார்த்தோம். ஒடிரிலேயும் மாமனைப்போலத்தான் வளர்ந்திருக்கிறான். ஸ்டியரிங் வயிற்றில் குத்த, "பிரேக்கை மிதிச்சா ஹாரன் அடிக்குது," என்றான். கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அக்கா, நீங்க ஓட்டுவீங்களா?" என்றாள் ஒஃபென்ட்சே.

"தினமும் ஆஸ்பத்திரிக்கு நான்தானே ஓட்டுறேன்."

"அப்ப நீங்க ஓட்டுங்க. உங்க சீட் முன்னாலதான் இருக்கும். பின்னாடி பிள்ளைக்கு எக்கச்சக்க இடம்."

அவ்வளவுதான். காலையிலிருந்து முட்டி மோதிக்கொண்டிருந்த விஷயம் ஒரு வாக்கியத்தில் முடிந்தது. எனக்கு ஏன் தோன்றவில்லை என்றால், ஒடிரிலேயின் ஆட்கள் காரில் இருக்கும்போது ஸ்டியரிங்கை நான் தொட்டதே இல்லை. அவன் தொட விட்டதில்லை.

"அதெல்லாம் முடியாது," என்றான் உடனே.

"ஏன் முடியாது?"

"வீட்டுக்கு வந்த மருமக ஓட்டி, மலோமே அதுல உக்காந்து போறதா? அவர் மரியாதை என்ன ஆகும்? எனக்காகச் சொல்லல கெனெ. மலோமேக்காகச் சொல்றேன்."

"எனக்காகவா?" என்றார் மலோமே.

"ஆமா மலோமே. நீங்க சங்கடப்பட்டு வாய்விட்டுச் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

நான் மலோமேயின் முகத்தைப் பார்த்தேன். இனி அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெண் கேட்கிற பயணத்தில் மாமன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நான் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பாக்கோ அழுது ஓய்ந்து என் தோளில் விக்கிக்கொண்டிருந்தான்.

மலோமே தொப்பியைக் கழற்றினார். முன் இருக்கையிலிருந்த தன் கோட்டை எடுத்தார். சுற்றிக்கொண்டு வந்து பின்கதவைத் திறந்தார். புது சீட்டுக்குப் பக்கத்தில், பின் இருக்கையில் உட்கார்ந்து, காலை நீட்டி, பெல்ட்டைத் தானே பூட்டிக்கொண்டார்.

"மாபாக்கோ, புள்ளையக் குடு. கொக்கி எப்படிப் போடணும்னு அந்தப் பொண்ணு எனக்கும் ஒரு தடவை காட்டட்டும்."

ஒடிரிலே குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். "மலோமே, என்ன இது? பின்னாடி உக்கார மாட்டேன், முன் சீட் என்னுதுன்னு இவ்வளவு நேரம் சண்டை போட்டீங்களே?"

மலோமே தொப்பியை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"நீ ஓட்டுறப்ப ஹேண்ட்பிரேக் என் கைக்கு எட்டணும்டா. அதுக்குத்தான் இத்தனை வருஷமா முன்னாடி உக்காந்தேன்."