உப்பிப்போன நூடுல்ஸ்

விளையாட்டு வெளியாகி ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பியோன் நாரேயின் ஏழு தலைமுறையையும் இணையத்தில் இழுத்துப்போட்டுத் திட்டிக்கொண்டிருந்தார்கள். திட்டுகிறவர்களுக்கு அவள் பெயர் தெரியாது என்பது ஒன்றுதான் ஆறுதல். "இந்தச் சுமக்கிற வேலையைக் கண்டுபிடித்த மகராசன் நாசமாய்ப் போக" என்று எழுதியிருந்தான் ஒருவன். மகராசன் இல்லையப்பா, மகராசி என்று திருத்தவா முடியும்? நாரே அடுத்ததைப் படித்தாள். அதில் அவளைப் பிணம் தூக்கி என்று போட்டிருந்தது.

விளையாட்டின் பெயர் 'நாலாம் கப்பல்'. நான்கு பேர் சேர்ந்து ஒரு பாழுங்கோளில் இறங்கி, அங்கே முட்டையிட்டுக் குடும்பம் நடத்தும் எட்டுக்கால் ஜந்துக்களைச் சுட்டுத் தள்ளிவிட்டு, கப்பலுக்குத் திரும்ப வேண்டும். இதுவரை புதுமை ஒன்றும் இல்லை. இந்த மாதிரி விளையாட்டுகளில் கூட்டாளி அடிபட்டு விழுந்தால் ஒரு பட்டனை அழுத்துவார்கள். அவனும் குளித்துவிட்டு வந்தவன்போல எழுந்து நிற்பான். நாலாம் கப்பலில் அது கிடையாது. விழுந்தவனை முதுகில் தூக்கிக்கொண்டு கப்பல்வரை ஓட வேண்டும். தூக்குகிறவனுக்கு ஒரு கைதான் மிச்சம்; அதில் ஒரு பொம்மைத் துப்பாக்கி. முதுகில் கிடப்பவன் பின்பக்கம் பார்த்துக் கிடப்பான். அவனால் சுட முடியாது. ஆனால் பின்னால் துரத்தி வருவது அவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், வாயும் வேலை செய்யும்.

இந்த முதுகுக்காக நாரே அலுவலகத்தில் இரண்டு வருடம் சண்டை போட்டிருந்தாள். அதற்காக ஒரு காதலையும், இடுப்பு எலும்பில் பாதியையும் இழந்ததாகச் சொல்லிக்கொள்வாள். காதல் எப்படியும் போயிருக்கும் என்பது வேறு விஷயம்.

மதியம் பன்னிரண்டு மணிக்கு டீம் லீடர் க்வாக் அவளைக் கூப்பிட்டு, இரண்டாயிரத்து முந்நூறு புகார் வந்திருக்கிறது, பாதிக்கு மேல் உன் முதுகைப் பற்றித்தான் என்றார். மாலை ஆறு மணிக்கு ஒரு திருத்தம் போகும்; முதுகு போய்ப் பட்டன் வரும். ஐந்து மணிக்குள் உருப்படியாக ஒரு காரணம் கொண்டுவந்தால் நிறுத்திவைப்பார்.

"எனக்குப் பிடிச்சிருக்குங்கிறது காரணம் இல்ல நாரே. ஆடுறவனுக்குப் பிடிச்சிருக்கணும்" என்றார் க்வாக்.

கெட்ட மனிதர் இல்லை. இளம் வயதில் மூன்று வருடம் ஒரு பிசி பாங்கின், அதாவது மணிக்கணக்கில் காசு கட்டிக் கணினி விளையாட்டு ஆடும் கடையின், அடுப்படியில் நூடுல்ஸ் வேகவைத்தவர். அலுவலக விருந்துகளில் இரண்டாவது கோப்பை சோஜு உள்ளே போனதும் அந்தக் கதை வெளியே வரும். டீமில் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் சொல்லும்போது கூடவே உதட்டை அசைப்பார்கள்.

நாரே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மொரான் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பிசி பாங்குக்குப் போனாள். பள்ளிகளில் இடைப்பருவத் தேர்வு அன்று காலையோடு முடிந்திருந்தது. சீருடைக் கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டுப் பள்ளிக்கூடமே அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. முப்பத்தைந்தாம் சீட் ஒன்றுதான் காலி. பக்கத்தில் முப்பத்தொன்றிலிருந்து முப்பத்துநான்குவரை நான்கு பையன்கள், நான்கு திரையிலும் நாலாம் கப்பல். ஒன்றும் வாங்காமல் அடுத்தவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் திருடி என்பார்கள் என்று, முட்டை போட்ட நூடுல்ஸ் ஒன்று சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

முப்பத்தொன்றில் இருந்த கிதேதான் நால்வரில் நாட்டாமை. சங்பின் என்பவன் மூட்டை. கப்பல் தரையைத் தொட்ட மூன்றாவது நிமிடம் சங்பின் விழுந்துவிடுவான். இதில் தவறினதே இல்லை. பள்ளியில் பந்து விளையாடக் கட்சி பிரிக்கும்போது அவனைக் கடைசியாகத் தள்ளிவிடுவார்கள் என்பது கிதேயின் திட்டிலிருந்தே தெரிந்தது. இங்கே தள்ளிவிட வழியில்லை. கிதே அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"இடது பக்கம் ரெண்டு வருது. குனி. குனிடா குதிரை" என்றான் முதுகில் கிடந்த சங்பின்.

"இன்னொரு தரம் குதிரைன்னு சொன்னே, இங்கயே இறக்கிப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

"போயேன். பின்னாடி என்ன வருதுன்னு உனக்கா தெரியும்?"

கிதே இறக்கிப் போடவில்லை. ஆனால் நாரே நோட்டில் எழுதியது, 'இறக்கிப் போடுவேன் - 1' என்று. மணி மூன்றாவதற்குள் அது நான்காயிற்று. 'எவன்டா இந்த எழவைக் கண்டுபிடிச்சான்' ஆறு. ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் கிதே ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டு, "இதோட போதும்டா சாமி" என்றான். அதற்குத் தனியாக ஒரு பத்தி போட்டு ஏழு கோடு கிழித்தாள். பின் வரிசையில் ஒரு காதல் ஜோடி. அந்தப் பெண் ஆட்டத்தில் தன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவனை, நிஜத்தில் மட்டும் என் பையைக்கூடத் தூக்கமாட்டாய் என்று பிடித்துக்கொண்டாள். அதையும் நாரே புகார்க் கணக்கில்தான் சேர்த்தாள்.

நாலரை மணிக்கு அவள் மனசு விட்டுப்போயிற்று. இரண்டு வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்ததை ஊரே காறித் துப்புகிறது. இதற்குமேல் என்ன காரணம் கேட்கிறார் க்வாக்? 'நீங்கள் சொன்னதுதான் சரி சார், எடுத்துவிடலாம்' என்று போனில் தட்டினாள். அனுப்ப விரல் வரவில்லை. சரி, முதலில் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவோம் என்று எழுந்தாள். அழுகை வருவதற்கு முன்னால் அவளுக்கு இப்படித்தான் ஏதாவது ஒரு வீட்டுவேலை ஞாபகம் வரும்.

அடுப்படிக்காரிக்கு ஐம்பது வயதிருக்கும். ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் அவள் சித்தி. நாரேயின் தட்டைப் பார்த்ததும் அவள் முகம் கறுத்தது.

"இதுவும் அப்படியேவா? வை. பதினொண்ணு ஆச்சு."

மேடையில் பத்துக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் நூடுல்ஸ் சாற்றையெல்லாம் குடித்து உப்பி, விளிம்புக்கு மேலே எழும்பி நின்றது. ஏன் கொட்டாமல் வைத்திருக்கிறீர்கள் என்று நாரே கேட்டாள்.

"முதலாளி வந்து பாக்கட்டும்னுதான். இல்லேன்னா எனக்குச் சமைக்கத் தெரியலைன்னு என் தலையில கட்டுவான். இந்தா பாரு, முப்பத்தொண்ணுலேர்ந்து முப்பத்துநாலு வரைக்கும். மதியானம் கேட்டானுங்க, குடுத்தேன். தொடல, களியாப் போச்சு. பசிக்குதுன்னு மறுபடி கேட்டானுங்க. அதுவும் களி. பின் வரிசை ஜோடியோடது ரெண்டு. போன வாரம் வரைக்கும் இதே பயலுங்க கிண்ணத்தைக் கழுவவே வேணாம், அப்படி வழிச்சுக் குடிப்பானுங்க. அந்தக் கோடி வரிசையைப் பாரு, பந்து விளையாட்டு ஆடுறானுங்க, ஒரு பருக்கை மிச்சம் வெக்கல. என்னமோ புதுசா ஒரு கேமாம். கையை எடுக்க முடியலையாம்."

"கையை எடுக்க முடியலையா?"

"முதுகுல ஆள் இருக்கானாம். இறக்கி வெச்சா அவன் செத்துடுவானாம். என் நூடுல்ஸ் செத்தாப் பரவாயில்ல போல."

நாரே நோட்டைப் பிரித்தாள். 'இதோட போதும்' ஏழு கோடு. ஏழு முறை போதும் என்றவன் ஏழு முறையும் எழுந்து போகவில்லை. இந்த நிமிடம் எட்டாவது ஆட்டத்தில் இருக்கிறான். இறக்கிப் போடுவேன் என்று நான்கு முறை சொன்னவன் ஒருமுறைகூட இறக்கவில்லை. வாயால் சொன்னதையெல்லாம் எழுதியிருக்கிறேன், கண்ணால் பார்த்ததை ஒரு வரி எழுதவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. இத்தனைக்கும் இதற்குச் சம்பளம் வாங்குகிறாள்.

போனில் தட்டிவைத்ததை அழித்தாள். பதினொரு கிண்ணமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தாள்.

"நீ சுகாதாரத் துறையா?" என்று சித்தி கரண்டியோடு நெருங்கி வந்தாள்.

இல்லை என்று தலையாட்டிவிட்டு, ஒரு வார்த்தையும் எழுதாமல் படத்தை மட்டும் க்வாக்குக்கு அனுப்பினாள். மணி நாலு நாற்பத்தொன்று. சாதாரண மேனேஜராக இருந்தால் எதற்கு எச்சில் கிண்ணத்தைக் காட்டுகிறாய் என்றிருப்பார். க்வாக் ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டார். அப்புறம் ஒரு வரி வந்தது.

'எந்த கேம் ஆடினவங்க?'

'நம்மோடது' என்று எழுதினாள்.

'சீட் கணக்கு சொல்லு.'

'பக்கத்து நாலு பேருக்குத் தலா ரெண்டு. பின் வரிசையில ரெண்டு.'

'அது பத்து. படத்துல பதினொண்ணு இருக்கு.'

மூன்று வருடம் கிண்ணம் கழுவியவன் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா? எவனோ ஒரு பையன் என்று எழுதிவிட்டால் யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு நிமிடம் தோன்றாமல் இல்லை. ஐந்தாக நான்கு நிமிடம்தான் இருந்தது. 'என்னோடது சார். அதைக் கணக்குல சேர்க்காதீங்க' என்று எழுதிவிட்டு நகத்தைக் கடித்தாள். எதிரே சித்தி அவளையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது.

'மூணு வருஷத்துல ஒரு கேமுக்கு ஒரு நாள்ல இப்படித் தொடாம திரும்பி நான் பாத்தது அதிகபட்சம் ஆறு கிண்ணம். பட்டன் வேணாம்னு சொல்லிட்டேன். முதுகு இருக்கட்டும்.'

நாரே அதை இரண்டு முறை படித்தாள். மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷம்தான், ஆனால் பார்க்கிறவர்களுக்கு நூடுல்ஸ் வீணாய்ப் போனதற்கு அழுகிற மாதிரிதான் இருந்திருக்கும். சித்திகூட அப்படித்தான் நினைத்தாள். போகட்டும், உன்னைச் சொல்லவில்லை என்று ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினாள்.

"சித்தி, அந்த கேமை நான்தான் செஞ்சேன். முதுகுல தூக்கற யோசனை என்னோடது."

சித்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள். கரண்டியையும் ஒருமுறை பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மேடைத் திரையில் மணி அடித்தது: முப்பத்தொன்று, நூடுல்ஸ் ஒன்று, முட்டையோடு.

சித்தி அடுப்பைப் பற்றவைத்தாள். நூடுல்ஸைக் கிளறி இறக்கி, மஞ்சள் முள்ளங்கி இரண்டு துண்டு வைத்து, தட்டை நாரேயின் கையில் திணித்தாள்.

"பன்னிரண்டாவது கிண்ணமும் களியாகி இங்க வந்துச்சோ, நடக்கறதே வேற. நீ செஞ்ச வினைதானே? போ, நீயே ஊட்டிவிட்டுட்டு வா."

போனாள். கிதேயின் இரண்டு கையும் வேலையாக இருந்தன. திரையில் அவன் முதுகில் சங்பின் கிடந்து, வலது பக்கம், வலது பக்கம் என்று கத்திக்கொண்டிருந்தான். நாரே குச்சியில் நூடுல்ஸைச் சுருட்டி ஊதி, அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். யார் என்ன என்று அவன் திரும்பியும் பார்க்கவில்லை. வாயை மட்டும் திறந்தான்.

"இதோட போதும்டா" என்றான், வாய் நிறைய நூடுல்ஸோடு. நாரே அதை எழுதிக்கொள்ளவில்லை. அடுத்த வாயைச் சுருட்டினாள்.