கழுவிய காசுகள்

வினிகரில் உப்பைக் கரைத்து, பழைய பல்துலக்கியால் வெர்னா கடைசிச் செம்புக் காசைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருநூறு வருடக் கருப்பு கரைந்து ஓட, சுதந்திரத் தேவியின் முகம் பளிச்சென்று எழுந்து வந்தது. காசுக்குக் காசு கூந்தல் வேறு: ஒன்றில் விரித்தது, ஒன்றில் ரிப்பன் கட்டியது. அமெரிக்காவில் முதன்முதலாக இந்தக் காசை அடித்தபோது பின்பக்கம் சங்கிலி பொறித்தார்களாம். சுதந்திரத் தேவிக்குச் சங்கிலியா என்று ஊர் காறித் துப்பவும் இலைவளையமாக மாற்றினார்களாம். கணவர் ஹாலிஸ் விருந்தாளிகளிடம் அளப்பதை அவள் சமையலறையிலிருந்தே கேட்டிருக்கிறாள். அவளிடம் அவர் சொன்னதெல்லாம் "தொடாதே" மட்டும்தான்.

அடுத்த அறையில் ஹாலிஸின் கடைசி நாள் நடந்துகொண்டிருந்தது. இன்று தாண்டாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நேற்று அவர் காசைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, "முகமே தெரியல வெர்னா, ஒரே இருட்டா இருக்கு" என்று அழுதிருந்தார். அந்த அழுகையை அவளால் தாங்க முடியவில்லை. போகிற மனிதர் ஒரு தடவை கண்குளிரப் பார்த்துவிட்டுப் போகட்டுமே.

கட்டிலருகே பழங்காசு சேகரிப்போர் சங்கத்து நண்பர் மெர்ல் உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிடா கிழவா. அடுத்த கூட்டத்துக்கு டோநட் வாங்குற முறை உன்னுது."

"நீயே வாங்குடா, கஞ்சப் பயலே."

வெர்னா தட்டை நீட்டினாள். "இந்தா ஹாலிஸ், உன் பொண்ணுங்க. இப்பப் பாரு, முகம் தெரியுதா?"

மெர்ல் எழுந்துவிட்டார். "ஐயோ வெர்னா! கழுவிட்டியா?"

"அழுக்கா இருந்துச்சே."

"அது அழுக்கில்ல. பழைய செம்புக்கு அதுதான் தோலு. யாரும் கழுவ மாட்டாங்க."

ஹாலிஸ் ஒரு காசை எடுத்துப் பார்த்தார். நன்றாகத்தான் தெரிந்தது, தோலுரித்த சதை மாதிரி இளஞ்சிவப்பாக. பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். காசைத் தட்டில் வைத்துவிட்டு, மெல்ல மெல்லச் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்துக்கொண்டார்.

"ஹாலிஸ், திட்டவாவது செய். ஏதாவது சொல்லு."

அவர் தோளில் கை வைத்தாள், தோள் அசையவில்லை. மதியத்துக்குள் மூச்சு நின்றுவிட்டது.

அடக்கம் செய்யும் நிறுவனத்துக்குப் போன் போட்டுவிட்டு மெர்ல் திரும்பி வந்தார். வெர்னா தட்டை மடியில் வைத்திருந்தாள்.

"அந்தக் கருப்பு மறுபடி வராதா மெர்ல்?"

"வரும். நம்ம ஆயுசுல வராது."

அவர் வாசலில் வண்டிக்காகக் காத்திருக்கப் போனார். வெர்னா கட்டிலின் கால்மாட்டைப் பிடித்துத் தன் பலம் முழுவதையும் போட்டு இழுத்தாள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடம் கிடைத்ததும், அதற்குள் புகுந்து, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, ஹாலிஸின் முகத்துக்கு நேராக நின்றாள்.