பதினாறு ஓட்டை விட்ட சுவர்

மேட்டுப்பாளையத்துக்கு மேலே பாக்குத் தோப்புகளைத் தாண்டி ஏறும் மலைச்சாலை, தொண்ணூற்று நான்கிலும் ஐந்திலும் ஒரே வளைவில் சரிந்தது. மூன்றாவதாகக் கட்டிய தடுப்புச் சுவரும் விழுந்தால் அந்தப் பாதையையே கைவிடுவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. அப்புறம் மேலே இருக்கும் நாற்பது வீட்டுக்குப் பஸ் கிடையாது. அதனால், இரண்டு நாள் மழை விட்டதும் ஓவர்சியர் வெங்கடபதி ஸ்கூட்டரில் ஓடி வந்தார்.

சுவர் நின்றது. ஆனால் அடியில் வரிசையாக விட்டிருந்த பதினாறு ஓட்டைகளில் ஒன்றைக்கூடக் காணோம். ஒவ்வோர் இடத்திலும் வழவழவென்று சிமெண்ட் பூச்சு.

மலை மழையைக் குடிக்கும். குடித்த தண்ணீர் மண்ணுக்குள்ளேயே இறங்கிச் சுவருக்குப் பின்னால் வந்து நிற்கும். வழி இருந்தால் சொட்டிப் போய்விடும். இல்லாவிட்டால் ஊறிய மண்ணோடு சேர்ந்து முதுகில் கை வைத்துத் தள்ளும். எத்தனை தடிமனான கருங்கல் சுவரும் அதைத் தாங்காது.

கீழ்த்தோப்புக்காரர் மயில்சாமி டம்ளரோடு வந்தார்.

"ஏனுங்க, வாங்க. காப்பி குடிங்க."

"இதை யாருங்க அடைச்சது?"

"நாந்தானுங்க. மொதல்ல குடிங்க, ஆறிப்போகுது."

நீட்டிய டம்ளரை வாங்காமல் சண்டை பிடிக்க முடியாது. வெங்கடபதி நாக்கைச் சுட்டுக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார்.

"எதுக்குங்க அடைச்சீங்க?"

"புதுச் செவுரு ஒழுகுனா உங்களத்தானுங்க பேசுவாங்க. கொத்தனார் பஷீரு மறந்துபோட்டாராட்ட இருக்குதுன்னு, ஊட்டுல கெடந்த சிமிட்டிய நானே கொழச்சுப் பூசிப்போட்டனுங்க."

"ஒழுகறதுக்குத்தானுங்க ஓட்டையே உட்டது! போன மாசம் ஒரு மணி நேரம் வெளக்குனனுங்களே!"

"வெளக்குனீங்க. நல்லாத்தான் பேசுனீங்க. அதுக்காக ஒழுகற செவுத்த யாராச்சும் கட்டுவாங்களா?"

வெங்கடபதி மேலே ஏறிப் பார்த்தார். சாலையோரத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. வெடிப்பின் இரு கரைக்கும் நடுவே ஒரு குச்சியை இறுக்கிச் செருகினார். வெடிப்பு விரிந்தால் குச்சி விழுந்துவிடும். பிறகு கீழே இறங்கிக் கடப்பாரையைக் கேட்டு வாங்கினார்.

முதல் பூச்சு உடைந்ததும் செந்தண்ணீர் பீறிட்டு அவர் நெஞ்சில் அடித்தது. மயில்சாமி முனகிக்கொண்டே இன்னொரு கடப்பாரை கொண்டுவந்தார். மத்தியானத்துக்குள் பதினாறும் திறந்தன. வெங்கடபதி மேலே போய்ப் பார்த்தார். குச்சி செருகியபடியே இருந்தது. சுவர் தப்பியது.

அவர் இறங்கி வந்தபோது, பாக்கு மரங்களுக்குள் ஓடும் தண்ணீரையே மயில்சாமி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தன தண்ணியுமா உள்ள நின்னுச்சு?"

"ஆமாங்க!" ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று வெங்கடபதிக்கு உயிர் வந்தது.

"தோப்புக்கு ஆகுமுங்க. பதினாறுக்கும் ஓட்டைக்கொரு கேட் வால்வு போட்டு மூடி வெச்சுக்கிட்டா, கோடையில வேணுங்கறப்ப தொறந்துக்கலாம். என்னங்க சொல்றீங்க?"

வெங்கடபதி நனைந்த சட்டையோடு பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

"நீங்களும் உக்காருங்கண்ணா. மொதல்ல இருந்து வாரேன். இந்த மலை இருக்குதுங்களா…"