காற்று வேண்டாத டிரம்

இந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக டிரம் திறந்து கிடந்ததைப் பார்த்ததும் டீச்சருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சாணமும் காய்கறிக் கழிவும் கரைத்து ஊற்றி, காற்றுப் புகாமல் மூடி, அடுப்பு வரைக்கும் குழாய் இழுத்திருந்தாள். இனிமேல் வீட்டிலேயே சமையல் எரிவாயு என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டும் ஆகிவிட்டது. ஆனால் அடுப்பு என்னவோ பற்றுவேனா என்றிருந்தது.

திறந்தது யார் என்று விசாரிக்க வேண்டியதில்லை. மாமனார் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நுரையீரல் பழுதாகி, நாலடி நடந்தாலே மூச்சிரைக்கும்.

"ஏன் மாமா திறந்தீங்க?"

"உள்ள கோடிக்கணக்குல உயிர் இருக்குன்னு நீதானம்மா சொன்ன? கொஞ்சம் மூச்சு விடட்டுமேன்னு..."

"அதுங்களுக்குக் காத்தே ஆகாது மாமா! காத்தில்லாமதான் அதுங்க சாப்பிட்டுச் சக்தி எடுக்கும், அப்பதான் எரிவாயு வரும். நீங்க திறந்தா அதுங்க சாகும், வந்த கொஞ்சமும் பறந்துடும்."

"காத்தில்லாம ஒரு உயிரா? என் காதுல பூ சுத்தாதம்மா."

உள்ளேயிருந்து கணவன் குரல் கொடுத்தான். "அப்பாதானே, விடேன்!"

அது போதாதா? மாமனார் மேல் வெடித்துவிட்டாள். "உங்களுக்கு மூச்சு முட்டினா ஊர்ல இருக்கற எல்லாத்துக்குமா முட்டும்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். மாமனார் எழுந்தார். வாசலுக்கு மூன்றே படி. இரண்டாவதிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"காலு எரியுதும்மா."

ஓடிப்போய் முழங்கையைத் தாங்கினாள். "காத்து பத்தலைன்னா கால் சதையும் காத்தில்லாமயே சமாளிக்கப் பார்க்கும் மாமா. அதான் எரியுது."

"அப்ப நானும் அந்த டிரம் மாதிரிதானா?"

"இல்ல மாமா. அது காலம் முழுக்க அப்படியே ஓட்டிடும். நம்மால கொஞ்ச நேரம்தான் முடியும்."

"அப்ப சாணியே என்னைவிடக் கெட்டிங்கறே" என்று சிரிக்கப் போனவருக்கு இருமல்தான் வந்தது.

அவரைக் கட்டிலில் சாய்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். மூடியை அழுத்தி, திருகுகளை முறுக்கினாள். எரிவாயு சேர இன்னும் எத்தனை வாரம் காத்திருக்க வேண்டுமோ! எரிச்சல் கொஞ்சமும் அடங்கவில்லை. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.